சியாட்டில் டயாலிசிஸ் தேர்வுக் குழு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகரில் 1960களில் இயங்கிய குடிமக்கள் குழு இது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுள் யாருக்கு டயாலிசிஸ் கொடுப்பது என்று முடிவெடுப்பதே இதன் வேலை. இடம் கிடைக்காதவர்கள் இறந்தார்கள்.

1960 வரை டயாலிசிஸ் தற்காலிகச் சிகிச்சையாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாயைப் புதிதாகத் திறக்க வேண்டியிருந்ததால், விரைவிலேயே கையிலும் காலிலும் இடமில்லாமல் போகும். வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், முன்கையின் தமனியையும் சிரையையும் இணைத்து நிலையாகவே விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாயை அந்த ஆண்டு அறிமுகப்படுத்தினார். அதன்பின் அதே நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் சிகிச்சை தர முடிந்தது. முதல் நோயாளி பத்தாண்டுக்கு மேல் உயிர்வாழ்ந்தார்.

மருத்துவச் சிக்கல் தீர்ந்த இடத்தில் பணச் சிக்கல் பிறந்தது. ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 15,000 டாலர் செலவானது. அந்தச் செலவை வாழ்நாள் முழுவதும் தாங்க வேண்டும். 1962இல் சியாட்டிலில் தொடங்கிய செயற்கைச் சிறுநீரக மையத்திலோ படுக்கைகள் மிகச் சில.

மருத்துவர்கள் முதலில் உடல்நிலை பார்த்து வடிகட்டினர். 45 வயதைக் கடந்தவர்களும் குழந்தைகளும் அப்போதே விலக்கப்பட்டனர். மிஞ்சியவர்கள் எழுவர் குழுவின் முன் வந்தனர். பாதிரியார், வழக்கறிஞர், வங்கியாளர், குடும்பத்தலைவி, தொழிற்சங்கத் தலைவர், அரசு அதிகாரி, அறுவை மருத்துவர் ஆகியோர் அதில் இருந்தனர், பெயர்கள் வெளியிடப்படவில்லை. நோயாளியின் வருமானம், வேலை, படிப்பு, பிள்ளைகள், தேவாலய ஈடுபாடு ஆகியவற்றை அவர்கள் எடைபோட்டனர். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். ஆனால் இந்த அளவுகோல்கள் சமூகத்தில் ஏற்கெனவே காலூன்றியிருந்தவருக்கே சாதகமாயின. ஒரு மனித உயிரின் பெறுமதியை அவருடைய சம்பளத்தாலும் குடும்பத்தாலும் அளப்பதை எந்த நெருக்கடியும் நியாயப்படுத்தாது.

1962 நவம்பரில் லைஃப் இதழில் ஷானா அலெக்சாந்தர் எழுதிய கட்டுரை குழுவை நாடறியச் செய்தது. நவீன மருத்துவ அறவியலின் தொடக்கத்தை அறிஞர் ஆல்பர்ட் ஜான்சன் இக்கட்டுரையிலிருந்தே கணக்கிட்டார். தகுதி பார்ப்பதைவிடக் குலுக்கல் நேர்மையானது என்று 1970இல் அறவியலாளர் ஜேம்ஸ் சில்ட்ரெஸ் வாதிட்டார். மருத்துவத் தகுதியில் நிகரானவர்களிடையே தேர்ந்தெடுக்க அதைவிட மேலான வழி இதுவரை காட்டப்படவில்லை.

பற்றாக்குறையை வேறு வழியிலும் எதிர்கொண்டனர். 1964இல் வயது குறைவு என்று மறுக்கப்பட்ட ஒரு சிறுமிக்காகப் பொறியாளர் ஆல்பர்ட் பாப் குழுவினர் வீட்டிலேயே இயக்கக்கூடிய கருவியைச் சில மாதங்களில் உருவாக்கினர். வீட்டு டயாலிசிஸ் செலவைக் கணிசமாகக் குறைத்தது.

1971இல் அரசின் உதவியை வேண்டி, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையிலேயே ஒரு நோயாளி டயாலிசிஸ் செய்துகொண்டார். மறு ஆண்டு அக்டோபரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், 1973 ஜூலை முதல் ஏறத்தாழ எல்லாச் சிறுநீரக நோயாளிகளின் செலவையும் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. தேர்வுக் குழுக்களுக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

ஆனால் மெடிகேர் பணம் வழங்கிய முறை வீட்டுச் சிகிச்சையைவிட மையங்களுக்கே அனுகூலமாக அமைந்தது. வீட்டில் சிகிச்சை பெறுவோரின் பங்கு சரிந்தது. அதைச் சரிசெய்ய 1978இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்று அமெரிக்காவில் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் டயாலிசிஸ் பெறுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் செல்வது லாப நோக்குடன் இயங்கும் மையங்களுக்கே.