எல்லை தாண்டாத பாட்டில்: பாபநாசத்தில் ஒரு 'பியர் ஸ்வாப்' ஏன் நடக்காது?

'பியர் ஸ்வாப்' என்று ஒரு பழக்கம் இருக்கிறது. தங்கள் ஊரில் மட்டும் கிடைக்கிற பியரை ஆளுக்கு ஆறோ பன்னிரண்டோ பாட்டில் கொண்டுவருவார்கள். வந்த இடத்தில் மற்றவர்களோடு மாற்றிக்கொண்டு, வேறு ஊர் பாட்டில்களோடு வீடு திரும்புவார்கள். பணம் கைமாறாது. உட்கார்ந்து குடித்துத் தீர்ப்பதும் நோக்கமில்லை. வெளிநாடுகளில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் முதல் கார் ஆர்வலர்கள் வரை இதைச் செய்கிறார்கள். கார்க்காரர்களுக்கு இது ரொம்பவே பொருத்தம். டிக்கியில் இடம் இருக்கிறது, எப்படியும் தொலைதூரம் ஓட்டிக்கொண்டுதான் வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் பழைய கார் ஒன்றை உயிராக வைத்திருக்கிறார். அவர் கேட்டது இது: "தம்பி, பாவநாசத்துல எங்க கார்க்காரங்க கூட்டம் ஒண்ணு போடலாம்னு இருக்கோம். திருவனந்தபுரத்துல இருந்து நாலு வண்டி, பெங்களூர்ல இருந்து மூணு, பாண்டிச்சேரில இருந்து ரெண்டு வருது. அவங்கவங்க ஊர் பியரைக் கொண்டாந்து மாத்திக்கிடுவோம். சட்டத்துல சிக்கல் ஏதும் உண்டான்னு பாத்துச் சொல்லுதியா?"

பதில் ஒரு வார்த்தைதான்: முடியாது. ஆனால் ஏன் முடியாது என்று தேடப்போனால் அதற்குள் 140 வருஷக் கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

கார் எல்லை தாண்டிய கதை

முதலில் காரைப் பார்ப்போம். 1903-லேயே சென்னை சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். நம் மாவட்டத்துத் திருக்குறுங்குடியிலிருந்து போன டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கி, டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தைத் தென்னிந்தியா முழுக்கப் பரப்பினார். வண்டி வந்ததும் சட்டமும் வந்தது. 1907-ல் சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு மோட்டார் வாகனச் சட்டம் போட்டது. 1914-ல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம், 1939-ல் இன்னும் விரிவாக ஒன்று. ஓரிடத்தில் பதிவான வண்டி மற்ற இடங்களிலும் ஓடலாம் என்ற நிலைமை இப்படிப் படிப்படியாக உறுதியானது. இன்றைய அரசியலமைப்பில் மோட்டார் வாகனம் பொதுப் பட்டியலில், 35-ஆவது இனமாக இருக்கிறது. அதாவது மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம்.

மது அப்படியில்லை. அது மாநிலப் பட்டியலில் 8-ஆவது இனம். தயாரிப்பு, வைத்திருப்பது, கொண்டுசெல்வது, வாங்குவது, விற்பது எல்லாமே மாநிலத்தின் கையில். அதன் மீதான ஆயத்தீர்வை 51-ஆவது இனம், அதுவும் மாநிலத்துக்கே. ஆகவே கேரளப் பதிவு எண் கொண்ட கார் புளியரை தாண்டி வரும்போது கார் இந்தியாவுக்குள்ளேதான் இருக்கிறது. டிக்கியில் இருக்கும் பாட்டிலோ ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் நுழைவது போலத்தான் நுழைகிறது.

வேலி போட்டவர்கள்

இந்த வேலியைப் போட்டது காந்தியவாதிகள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே கம்பெனிக்காரர்களும் பிரிட்டிஷ் அரசும் போட்டுவிட்டார்கள். நோக்கம் ஒழுக்கம் அல்ல, வருமானம். சாராயத்துக்கும் கள்ளுக்கும் குத்தகை விட்ட காலத்தில், ஒரு குத்தகைதாரரின் எல்லைக்குள் அடுத்தவர் சரக்கு வந்தால் குத்தகைத் தொகை அடிபடும். எனவே எந்தச் சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்பதற்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 1886-ஆம் ஆண்டு சென்னை ஆப்காரி சட்டம் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதி வைத்தது. இறக்குமதி, ஏற்றுமதி, உள்ளே கொண்டுசெல்வது என்று தனித்தனியாகக் கட்டுப்பாடு விதித்தது.

இந்த ஆப்காரி மரபில் ஒரு சின்ன வரையறை எனக்குப் பிடித்தது. கேரளத்தின் ஆப்காரி சட்டத்தை இன்றும் '1077-ஆம் ஆண்டின் 1-ஆம் சட்டம்' என்றே சொல்கிறார்கள். 1077 என்பது கொல்லம் ஆண்டு. கொச்சி சமஸ்தானத்தில் பிறந்த சட்டம் அது. அதில் 'விற்பனை' என்றால், பரிசாகக் கொடுப்பது தவிர மற்ற எல்லாக் கைமாற்றமும்தான். நீங்கள் எனக்கு ஒரு பாட்டிலைச் சும்மா கொடுத்தால் அது பரிசு. நான் பதிலுக்கு ஒன்று தருவேன் என்ற பேச்சின் பேரில் கொடுத்தால் அது விற்பனை. ஒரு ரூபாய்கூடக் கைமாறாத ஸ்வாப், அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரு கடை!

அதே வேலி, வேறு காரணம்

1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதற்காக இயற்றியதுதான் 1937-ஆம் ஆண்டின் சென்னை மதுவிலக்குச் சட்டம். வருமான இழப்பை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. போர்க்காலத்தில் தளர்ந்துபோன மதுவிலக்கு, 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதற்கும் வந்துசேர்ந்தது. அப்போது தென்காசி தாண்டியதும் திருவிதாங்கூர்ப் பகுதி. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல்தான் நம்மோடு சேர்ந்தது. எல்லைக் கோடு அன்று புளியரை மலைப்பாதைக்கு ஏறியது, வேலியும் கூடவே ஏறியது.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான். 1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974-ல் திரும்பக் கொண்டுவந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு கள்ளையும் சாராயத்தையும் அனுமதித்தது, 1987-ல் இரண்டையும் மூடியது. 1983-ல் டாஸ்மாக் மொத்த வியாபாரத்துக்காகப் பிறந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே போயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. டாஸ்மாக் கடை எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது தெரியுமா? அதே 1937 மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். 'சென்னை' என்பது 'தமிழ்நாடு' ஆனதே தவிர, சட்டம் அப்படியே இருக்கிறது. மது தடைசெய்யப்பட்டது என்பது பொது விதி. விற்பனை, பார், கிளப் எல்லாம் அந்தத் தடைக்கு விலக்காக உரிமம் பெற்றவை. எதற்கெல்லாம் விலக்கு என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அனுமதி. ஸ்வாப் எந்த உரிமத்திலும் இல்லை.

நம் தாமிரபரணிப் பக்கத்துக்கு இது இன்னொரு விதத்தில் உறைக்கும். பியரைப் போலவே லேசான போதை உள்ள உள்ளூர்ப் பானம் கள். பனையிலிருந்து இறக்கிய அந்தக் கள் இங்கே குற்றம். பாபநாசத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரியங்காவு போய்விடலாம். அந்தப் பக்கம் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது.

அமெரிக்காவில் எப்படி?

ஸ்வாப்பில் பெயர் பெற்ற அமெரிக்காவிலும் இதே மாதிரி வேலி உண்டு. 1920 முதல் 1933 வரை அங்கே நாடு தழுவிய மதுவிலக்கு. அதை நீக்கிய 21-ஆவது திருத்தம், மதுவை உள்ளே விடுவதா வேண்டாமா என்ற அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

அங்கே காருக்கும் கள்ளச்சாராயத்துக்கும் இருந்த உறவு ஒரு விளையாட்டாகவே வளர்ந்தது. போலீஸை முந்துவதற்காக இன்ஜினைக் கூட்டி மாற்றியமைத்த சரக்கு வண்டிக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் தங்களுக்குள் பந்தயம் விட்டார்கள். 1948-ல் உருவான நாஸ்கார் பந்தய அமைப்பின் வேர்களில் ஒன்று அது. அதன் நட்சத்திர ஓட்டுநர் ஜூனியர் ஜான்சன் 1956-ல் சாராய வழக்கில் சிறை போனார். பிடிபட்டது சாலையில் அல்ல, அப்பாவின் சாராய அடுப்பருகே. 1986-ல் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்ததும் நாஸ்கார் பிறந்ததும் ஒரே வருஷம் என்பது தற்செயல்தான். ஆனால் நம்மிடம் சரக்குக் கடத்திய காருக்குப் பந்தயம் கிடைக்கவில்லை. காவல் நிலைய வளாகத்தில் துருப்பிடிக்கும் யோகம்தான் கிடைத்தது.

கார் போய்விடும்

அண்ணாச்சியிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். மதுவிலக்குச் சட்டத்தில் பாட்டில் மட்டும் பறிமுதல் ஆவதில்லை, அதை ஏற்றிவந்த வண்டியும் பறிமுதலுக்கு உட்பட்டது. அப்படிப் பிடித்த வண்டிகள் ஏலத்துக்குப் போகும். முப்பது வருஷம் உதிரிபாகம் தேடித் தேடிச் சேர்த்த காரை, ஆறு பாட்டில் பியருக்காக ஏலத்தில் பார்க்க எவருக்கு மனசு வரும்?

தமிழ்நாட்டில் வாங்கிய சரக்கை வைத்திருப்பதற்கும் அளவு உண்டு. பியர் என்றால் ஒருவருக்கு 7.8 லிட்டர், அதாவது 650 மில்லி பாட்டில் பன்னிரண்டு. ஒன்பது வண்டிச் சரக்கையும் ஒரு அறையில் அடுக்கினால், அது யாருடைய 'சொந்த உபயோகம்' என்ற கேள்வி வந்துவிடும். வெளிமாநிலப் பாட்டில் என்றால் இந்தக் கணக்குக்கே இடமில்லை. எந்த மாநிலத்தில் விற்பதற்கு என்று லேபிளே சொல்லிவிடும்.

சாலையும் மதுவும் சந்தித்த பெரிய வழக்கும் நம்முடையதுதான். நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளுக்கு எதிராக வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கு, 'தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு' என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் போனது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் தீர்ப்பு. அடுத்த ஏப்ரலில் தமிழ்நாட்டில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. பின்னால் நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்கு கிடைத்துப் பல கடைகள் திரும்ப வந்தன என்றாலும், 'ஓட்டுகிறவன் கையில் பாட்டில் சிக்கக்கூடாது' என்ற வாதம் நியாயமானது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் ஓட்டக்கூடாது என்பது நாடு முழுமைக்கும் ஒரே விதி.

ஒரு வேடிக்கையும் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது காருக்கு நாடு முழுக்க ஒரே வரி ஆனது. அந்தக் காருக்கு ஊற்றும் பெட்ரோலும், கார்க்காரர் குடிக்கும் பியரும் இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியேதான். மாநில அரசுகள் கையை விட்டுவிட மனமில்லாத வருமானங்கள் எவை என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஏன் பாபநாசம் கூடவே கூடாது

சட்டம் இடம் கொடுத்தாலும் பாபநாசத்தில் இதை வைக்கக் கூடாது என்பேன். கோயில் படித்துறையில் பாவம் தொலைக்க வருகிறவர்கள் வெறுங்காலோடு இறங்குகிறார்கள். மேலே போனால் வனத்துறைச் சோதனைச் சாவடி, அதற்கப்பால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ஆற்றில் கிடக்கும் ஒரு உடைந்த பாட்டில் எத்தனை பேர் காலைக் கிழிக்கும் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். காலிப் பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டத்தை உயர் நீதிமன்றம் வலியுறுத்தி, 2022-ல் நீலகிரியில் தொடங்க வைத்ததும் காட்டு விலங்குகளின் காலை நினைத்துத்தான்.

ஆகவே நான் சொன்ன யோசனை: கூட்டத்தைப் பகலில் வையுங்கள், கார்களைக் காட்டுங்கள். மாற்றிக்கொள்ள உடன்குடிக் கருப்பட்டியும் அல்வாவும் நேந்திரங்காய் வறுவலும் இருக்கின்றன. பியர் வேண்டுமென்றால் திருநெல்வேலியில் உரிமம் உள்ள ஓட்டல் பாருக்கு மாலையில் போங்கள், சாவியை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். வெளியூர்க்காரர்கள் பாட்டில் கொண்டுவரவே வேண்டாம்.

வேலியால் யாருக்கு லாபம்?

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறவர் 2 லிட்டர் மதுவைச் சுங்கத்தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம் என்று விதி இருக்கிறது. கொல்லத்திலிருந்து தென்காசிக்குக் காரில் வருகிறவருக்கு அப்படித் தெளிவான சலுகை கிடையாது. அதே சமயம், இவ்வளவு கெட்டியான வேலிக்குள்ளேதான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். லேபிளும் வரியும் உள்ள பாட்டிலைப் புளியரையில் பிடித்துவிட முடிகிறது. லேபிளே இல்லாத பாக்கெட்டை ஊருக்கு நடுவே பிடிக்க முடியவில்லை.

குத்தகைதாரரின் பணத்தைக் காக்க எழுந்த வேலி இது. பிறகு குடிகாரரின் குடும்பத்தைக் காக்க என்றார்கள். இப்போது டாஸ்மாக் வருமானத்தையும் சேர்த்துக் காக்கிறது. வேலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்காக நிற்கிறது என்பதைச் சட்டத்தின் பெயரிலாவது நேர்மையாக எழுதிவைக்கலாம். கடையில் விற்பனை ஜரூராக நடக்க, சட்டப் புத்தகத்தில் மட்டும் 'மதுவிலக்கு' என்று போட்டிருக்கிறது.