ஒற்றியூரில் தங்கிய ஆங்கில எந்திரம்

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை மாணவர்களிடம் "எம் ஊர்" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தேன். திருவொற்றியூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் தியாகராசர் கோயில், வடிவுடையம்மன் சன்னிதி, மகிழடிச் சேவை, பட்டினத்தார் சமாதி, கடல் அரித்த கரை என அழகாகவே எழுதியிருந்தார். அவருடைய தாத்தா புல்லட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது எனக்கு முன்பே தெரியும். கட்டுரையில் அத்தொழிற்சாலையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது வெள்ளக்காரன் வண்டிதானே ஐயா. நம்ம ஊர் வரலாறுல அது எப்படி வரும்?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் விடை அவர் நினைத்ததுபோல் அத்தனை எளிதன்று. அந்த விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ராயல் என்ஃபீல்டு பிறந்த ஊர் இங்கிலாந்தின் ரெட்டிச். தையல் ஊசி செய்வதற்குப் பெயர்பெற்ற சிற்றூர் அது. 1890களில் அங்கே மிதிவண்டி செய்துகொண்டிருந்த நிறுவனத்தாருக்கு, மிடில்செக்ஸ் மாவட்டத்து என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப்பாகங்கள் செய்து தரும் வாய்ப்புக் கிடைத்தது. அந்தப் பெருமையைப் பறைசாற்ற 'ராயல் என்ஃபீல்டு' என்னும் பெயரைத் தம் வண்டிகளுக்குச் சூட்டினர். துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். 1901இல் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932இல் வந்தது. இன்று நாம் அறிந்த புல்லட்டின் மூதாதை, பின்சக்கரத்துக்கும் அதிர்வுதாங்கி பொருத்தப்பட்டு இரண்டாம் உலகப்போருக்குப் பின் வெளிவந்த 350 சி.சி. வண்டி.

அக்காலத்தில் உலகின் மோட்டார் சைக்கிள் வணிகத்தில் பிரிட்டனின் கையே ஓங்கியிருந்தது. பி.எஸ்.ஏ., டிரையம்ப், நார்ட்டன், மேட்ச்லெஸ், ஏ.ஜே.எஸ்., ஏரியல் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் சில சென்னைத் தெருக்களிலும் ஓடின. 1949இல் கே.ஆர். சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் பிரிட்டிஷ் வண்டிகளை இறக்குமதி செய்து விற்றது. 1952இல் இந்திய இராணுவம் ஐந்நூறு புல்லட்டுகளுக்கு ஆணை கொடுத்தது. மறு ஆண்டு வந்து சேர்ந்த அவ்வண்டிகள் கரடுமுரடான பாதைகளைத் தாங்கின. பழுது பார்க்கவும் எளிதாக இருந்தன. இராணுவம் தொடர்ந்து வாங்கும் என்பது உறுதியானதும், கப்பலில் வரவழைப்பதைவிட இங்கேயே செய்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது இயல்பே.

1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவாயிற்று. தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் திருவொற்றியூர். அன்றைய வடசென்னையை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். தெற்கே துறைமுகம், தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856இல் புறப்பட்ட இராயபுரம் நிலையம், வடக்கே எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்டாக மாறிய ஆலை. திருவொற்றியூரிலேயே விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் நிறுவனம்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்தது. மீன்பிடித்தும் உப்பு விளைத்தும் வாழ்ந்த கரையோரத்தில், ஆலைச் சங்கொலி பொழுதை அளக்கத் தொடங்கிய காலம் அது.

1956இல் உற்பத்தி தொடங்கியது. உற்பத்தி என்று சொல்வதைவிடப் பூட்டுவேலை என்பதே பொருந்தும். இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்தவற்றை இங்கே பூட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவ்வாறு உருவான வண்டிகள் 163. மறு ஆண்டே பாகங்களை வடிப்பதற்கான வார்ப்புகளும் கருவிகளும் என்ஃபீல்டு இந்தியாவுக்கு விற்கப்பட்டன. 1962 அளவில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன.

இந்த ஆறு ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் கடந்துபோவது எளிது. ஆனால் வரலாறு நிகழ்ந்தது அங்கேதான் என்பது என் எண்ணம். வரைபடம் கையில் இருப்பதால் மட்டும் எந்திரம் உருவாகிவிடாது. வார்ப்பிரும்பில் குமிழி விழாமல் சிலிண்டரை வார்க்க வேண்டும். 70 மில்லிமீட்டர் துளையை மயிரிழை பிசகாமல் கடைய வேண்டும். பற்சக்கரத்தைப் பதப்படுத்த வேண்டும். குரோமியப் பூச்சு உரியாமல் நிற்க வேண்டும். இவற்றுள் பாதி கைப்பழக்கத்தால் வருவது; ஒருவர் செய்ய, அருகில் நின்று மற்றொருவர் பார்த்துக் கற்பது. பெட்ரோல் டேங்கின் மேல் ஓடும் பொன்னிறக் கோடுகளை மிக அண்மைக்காலம் வரை திருவொற்றியூர்த் தொழிலாளர்கள் தூரிகையால் கையாலேயே வரைந்தார்கள். எந்த இரண்டு டேங்கின் கோடும் அச்சு அசலாக ஒன்றாக இராது.

இதற்கிடையில் தாய்வீட்டில் என்ன நடந்தது? ஜப்பானிய வண்டிகள் உலகச் சந்தையில் நுழைந்தன. அவை எண்ணெய் ஒழுகவிடாதவை. பொத்தானை அழுத்தியதும் கிளம்புபவை. பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. எஞ்சியிருந்த சிறு உற்பத்தியும் 1970இல் நின்றது. பி.எஸ்.ஏ. 1970களின் தொடக்கத்தில் வீழ்ந்தது. டிரையம்பின் மெரிடன் ஆலை 1983இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் 1955ஆம் ஆண்டு மாதிரி பெரிய மாற்றமின்றித் தொடர்ந்து உருவாகிக்கொண்டிருந்தது.

அந்த வண்டியை ஓட்டியவர்களுக்கு அதன் சடங்குகள் நினைவிருக்கும். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு டீகம்ப்ரசரை இழுத்துப் பிஸ்டனைச் சற்றே நகர்த்திவிட்டு, ஓங்கி ஓர் உதை. இடம் தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். துளை 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் நீளம் 90 மி.மீ.; எனவே எந்திரம் அவசரப்படாது. கனத்த சுழற்சக்கரத்தோடு சேர்ந்து, ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியே எண்ணிவிடலாம் போன்ற அந்த நிதானமான ஓசை பிறப்பது இந்த அளவுகளால்தான்.

இம்மாறாமையைப் பண்பாட்டுப் பற்று என்று புகழ்ந்துவிடக் கூடாது. இறக்குமதிக் கட்டுப்பாடும், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும், உரிமம் பெற்றே உற்பத்தி செய்ய வேண்டிய நிலையும் சேர்ந்து போட்டியைத் தடுத்தன. புதுமை செய்ய வேண்டிய கட்டாயமே எழவில்லை. எண்ணெய்க் கசிவு என்பது புல்லட்டின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுடன் நூறு சி.சி. வண்டிகள் வந்தபோது அந்த நிறுவனம் தடுமாறியதற்கும் இதுவே காரணம். ஆனால் ஒரு பழம்பொருள் உயிரோடு எஞ்சியதற்குக் காரணமும் இதுவே என்பதை மறுக்க முடியாது. குறையும் கொடையும் ஒரே வேரில் முளைத்தவை.

1977இல் நடந்ததை நான் மாணவர்களுக்கு மகிழ்ச்சியோடு சொல்வதுண்டு. அந்த ஆண்டு திருவொற்றியூர்ப் புல்லட்டுகள் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாயின. செய்முறையைக் கற்பித்த நாடே, தான் மறந்த வண்டியைக் கற்றவனிடமிருந்து விலைகொடுத்து வாங்கிற்று.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1994இல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் கைக்கு மாறி, ராயல் என்ஃபீல்டு என்ற பழைய பெயரை ஏற்றது. 2000ஆம் ஆண்டளவில் மூடிவிடலாமா என்று எண்ணும் நிலையிலிருந்து மீண்டது. கடுமையான புகைக் கட்டுப்பாடுகளால் பழைய வார்ப்பிரும்பு எந்திரம் விடைபெற, புதிய எந்திரம் வந்தது. 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை திறக்கப்பட்டு, உற்பத்தியின் மையம் சென்னையின் தென்மேற்குக்கு நகர்ந்தது. விற்பனை பல மடங்கு பெருகியது. விளம்பரங்கள் ரெட்டிச்சின் பழம்பெருமையைப் பேசின. அரை நூற்றாண்டு அதைச் சுமந்த வடசென்னைக் கைகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை.

'ஒற்றி' என்ற சொல்லுக்கு ஈடு என்றும் பொருளுண்டு. ஊர்ப்பெயரில் அப்பொருளைக் கண்டு புலவர்கள் சிலேடையாடியிருக்கிறார்கள். வள்ளலாரின் இங்கிதமாலை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. நிலத்தை ஒற்றிக்குப் பெற்றவர் அதை உழுது பயன்கொள்ளலாம். உரியவர் வந்து பணம் கட்டினால் மீட்டுக்கொள்வார். புல்லட் விலைகொடுத்து வாங்கியதே ஆனாலும், நம்மவர் மனத்தில் அது என்றும் வெள்ளைக்காரனின் ஒற்றிப் பொருளாகவே இருந்துவிட்டது. மீட்க வேண்டியவர் 1970லேயே போய்விட்டார் என்பதை நாம் கவனிக்கவில்லை.

ரெட்டிச்சில் புல்லட் செய்யப்பட்ட காலம் கால் நூற்றாண்டைச் சுற்றியது. திருவொற்றியூரில் அதைப்போல் இருமடங்குக்கும் மேல். பிறந்த ஊர் வேறாக இருக்கலாம். வளர்த்தெடுத்த ஊர் எதுவென்பதில் ஐயமில்லை.

அந்த மாணவரிடம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, தாத்தாவிடம் கேட்டு இன்னும் ஒரு பக்கம் சேர்த்து எழுதி வரச் சொன்னேன். நான்கு பக்கம் எழுதிவந்தார். அதில் பாதி, குரோமியத் தொட்டியருகே நின்று வேலை செய்த தாத்தாவின் கைகளைப் பற்றியது.