வாரம் பெர்சி: ஊரைக் காலிசெய்தது யார்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளில், மால்ட்டன் நகருக்குத் தென்கிழக்கே, வாரம் பெர்சி என்ற பாழூர் இருக்கிறது. கூரையற்ற தேவாலயம் ஒன்று பள்ளத்தாக்கில் நிற்கிறது. அதற்கு மேலே, மேட்டு விளிம்பில், வீடுகள் வரிசையாக இருந்த மனைகள் புல் மூடிய மேடுகளாகத் தெரிகின்றன. இப்படியொரு ஊரைக் கண்டதும், 1349-இன் கொள்ளைநோய் ஊரையே வாரிக்கொண்டு போய்விட்டது என்று சொல்வது பலருக்கும் வழக்கம். 1948-இல் மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் இவ்விடத்தைக் கண்டறிந்தார். 1950 முதல் 1990 வரை அவரும் ஜான் ஹர்ஸ்ட்டும் முன்நின்று நடத்திய அகழாய்வும், பழைய ஆவணங்களும் வேறு விடை தருகின்றன. இந்த ஊரைக் காலிசெய்தது நோயல்ல, நிலவுடைமையாளரின் கணக்கு.

நோய்க்கு இதில் பங்கே இல்லை என்று வாதிட முடியாது. ஊரின் பிரபுவே 1349-இல் இறந்தார். மக்கள் பெருகிய காலத்தில் தேவாலயத்துக்குச் சேர்த்த பக்கக்கூடங்கள், மக்கள் குறைந்த பின்னர் இடிக்கப்பட்டு, அவற்றின் வளைவுகள் சுவரால் அடைக்கப்பட்டன. ஊர் சுருங்கியதைச் சுவரே சொல்கிறது. ஆனால் சுருங்குவது வேறு, அழிவது வேறு. நோய் வந்துபோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கே முப்பது வீடுகளில் ஆள் இருந்தார்கள். 1458-இலும் பதினாறு வீடுகள் இருந்தன. நோயே ஊரைக் கொன்றது என்றால், நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே அடுப்பு எரிந்ததற்கு விளக்கமில்லை.

அப்படியானால் மக்களே விரும்பி வெளியேறியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நோய்க்குப் பின் ஆள் தட்டுப்பாட்டால் கூலி உயர்ந்தது, வேறிடத்தில் நல்ல நிலமும் கிடைத்தது. அதை நாடிச் சிலர் போயிருப்பார்கள். முப்பது பதினாறானதற்கு அது பொருந்தும். கடைசிக் கட்டத்துக்குப் பொருந்தாது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானியத்தைவிடக் கம்பளி லாபம் தந்தது. உழவுக்குப் பல குடும்பங்கள் வேண்டும். ஆட்டு மந்தைக்கு ஓரிரு இடையர்கள் போதும். நிலவுடைமையாளரான ஹில்ட்டன் பிரபு நான்கு ஏர்களை நிறுத்தி நான்கு வீடுகளைப் பாழாகவிட்டார் என்று 1517-ஆம் ஆண்டின் அரசு விசாரணை பதிவுசெய்தது. விரும்பிப் போனவர்களின் வீடுகளுக்காக அரசு விசாரணை வைக்காது.

மண்ணே கைவிட்டது, மெல்லிய சுண்ணாம்பு மண்ணும் நீரில்லாத மேடும் ஊர் தாங்கா என்போரும் உண்டு. மேட்டில் நீர் தங்காது என்பது உண்மை. ஆனால் அடியில் பள்ளத்தாக்கில் வற்றாத ஊற்றுகள் இருந்தன. அந்த நீரைத் தேக்கி ஆலையும் ஓட்டினார்கள். அதே மண்ணும் நீரும்தான் பல நூற்றாண்டுகள் ஊருக்குச் சோறு போட்டன. சுண்ணாம்பு நிலத்தின் வறண்ட புல் ஆடுகளுக்கும் ஏற்றது. ஊரையோ மந்தையையோ தாங்கவல்ல நிலம் அது; எதை வைப்பது என்று முடிவெடுத்தது மனிதர்கள். இதற்குத் தேவாலயமும் சான்று: பக்கத்து ஊரான திக்சண்டேலின் மக்கள், தங்களுக்கென்று ஒரு தேவாலயம் 1870-இல் எழும்வரை, ஊரில்லாத இந்த ஊருக்கு நடந்துவந்து வழிபட்டார்கள். கடைசி வழிபாடு நடந்தது 1949-இல். மனிதர் வந்துபோக முடியாத இடமாக இது ஒருபோதும் இருக்கவில்லை.

இங்கிலாந்தில் இதுபோல் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் மூவாயிரத்துக்கும் மேல். எல்லாம் ஒரே காரணத்தால் அழிந்தவை அல்ல. ஒவ்வொன்றையும் தனியே விசாரிக்க வேண்டும். வாரம் பெர்சியின் முடிவையும் நோயின் தலையில் கட்டிவிட்டால், அந்த நான்கு வீட்டாருக்கு இழைக்கப்பட்டது இயற்கையின் செயலாகிவிடும். அதற்குப் பொறுப்பேற்க யாருமே இல்லாமல் போவார்கள்.