வண்டு போன வழி

டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் ஒரு காலத்தில் வயலும் குளமும் தோப்பும் இருந்தன. 1965இல் பிறந்த சதோஷி தஜிரி அங்கே வண்டு பிடித்துத் திரிந்தவர். ஜப்பானியச் சிறுவர்கள் கோடையில் மரப்பட்டையில் தேன் தடவிவிட்டு வண்டுக்குக் காத்திருப்பார்கள். தஜிரியோ மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போய்விடுவார். வண்டுகளுக்குக் கல்லுக்கடியில் தூங்கப் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. காலையில் வந்து கல்லைப் புரட்டினால் ஆள் அகப்பட்டுவிடும். கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் 'பூச்சி டாக்டர்'. தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு இந்தப் பித்தை விளக்க வேண்டியதில்லை.

ஊர் பெருத்தது. மீன் பிடித்த குளம் தூர்ந்து, அங்கே வீடியோ கேம் கூடம் வந்தது. பையனும் கேமுக்குள் போய்விட்டான். 1983இல் 'கேம் ஃப்ரீக்' என்று கையால் எழுதி, பின் அடித்து ஒரு பத்திரிகை நடத்தினார். 1989இல் அதே பெயரில் நிறுவனம். அந்த ஆண்டுதான் நின்டெண்டோவின் கையடக்க ஆட்டக் கருவியான கேம் பாய் விற்பனைக்கு வந்தது. இரண்டு கேம் பாய்களைக் கேபிள் போட்டு இணைக்கலாம். அது இருவர் மோதிப் பார்ப்பதற்கு என்றுதான் பலரும் நினைத்தார்கள். தஜிரிக்கு அந்தக் கேபிளுக்குள் பூச்சிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊர்ந்து போவது தெரிந்தது.

சுமார் ஆறு ஆண்டு இழுபறிக்குப் பிறகு, அந்தக் கற்பனையில் பிறந்த, உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் போக்கிமான் ஆட்டம் 1996 பிப்ரவரி 27 அன்று வெளியானது. சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகள். கும்பிடுபூச்சி சாயல் கொண்ட ஸைதர் சிவப்பில் மட்டும் கிடைக்கும், கவைக்கொம்பு வண்டின் சாயல் கொண்ட பின்சர் பச்சையில் மட்டும். இரண்டும் வேண்டுமென்றால் நண்பனைத் தேடிப் போய்க் கேபிளை மாட்டித்தான் ஆகவேண்டும். வியாபாரத் தந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பூச்சி பிடிக்கும் பிள்ளைகள் என்றைக்கும் செய்துவந்த பண்டமாற்றும் அதுவே.

இந்த மோகத்தின் வீச்சு இயற்கை ஆர்வலர்களுக்கு உறைத்தது 2002இல். கேம்பிரிட்ஜின் ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் மூன்று சகாக்களும் 'சயின்ஸ்' இதழில் சின்னதாக ஒரு கடிதம் எழுதினார்கள். பிரிட்டனில் 4 முதல் 11 வயது வரையுள்ள 109 பள்ளிப் பிள்ளைகளிடம் படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டிருந்தார்கள். சிலவற்றில் உள்ளூர்ச் செடிகொடிகள், உயிரினங்கள். மற்றவற்றில் போக்கிமான். 4 வயதில் நிஜ உயிரினங்களை 32 சதவீதமும் போக்கிமானை 7 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள். 8 வயதில் நிஜம் 53, போக்கிமான் 78. அதற்கு மேல் வயது கூடக்கூட நிஜத்தின் கணக்கு சற்றே இறங்கியது. ஓக் மரத்தைத் தெரியாத பிள்ளைக்குப் போக்கிமானைத் தெரிந்தது. இதைப் பார்த்துப் பிள்ளைகளைத் திட்டுவது சுலபம். அந்த எண்கள் எனக்குச் சொல்வது வேறு: நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களின் பெயர், குணம், வாழிடம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யும் தெம்பு எட்டு வயதுக்கு உண்டு. நாம்தான் அதற்குத் தீனி போடவில்லை.

தீனி போட முனைந்தவர்களில் ஒருவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து டேவிட் இங். 2010இல் அவர் தொடங்கிய 'ஃபைலோ' சீட்டுகளில் நிஜ உயிரினங்களே வீரர்கள். யாரும் இலவசமாக அச்சிட்டுக்கொள்ளலாம். எது எதைத் தின்னும், எந்தச் சூழலில் வாழும் என்று பார்த்துத்தான் சீட்டைப் பக்கத்தில் வைக்க முடியும். 2016இல் போக்கிமான் கோ வந்தபோது பிள்ளைகளும் பெரியவர்களும் கைபேசியோடு பூங்காக்களுக்குக் கிளம்பினார்கள். வெளியே வந்ததென்னவோ நல்லதுதான், கண் மட்டும் திரையிலேயே இருந்தது. இயற்கைப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்ட் 2018இல் கொண்டுவந்த 'சீக்' செயலி அந்தக் கண்ணைத் திருப்பியது. கேமராவை ஒரு செடியிடமோ பூச்சியிடமோ காட்டினால் அது என்னவென்று அடையாளம் சொல்லும். சேரச்சேரப் பதக்கம் தரும்.

போக்கிமானும் சும்மா இருக்கவில்லை. 1999இல் அறிமுகமான கோர்சோலா இளஞ்சிவப்புப் பவளம். 2019இல் வந்த 'ஸ்வோர்டு', 'ஷீல்டு' ஆட்டங்களில் அதற்கு ஒரு புதிய உருவம்: வெளிறிப்போன பேய். திடீர்க் காலநிலை மாற்றத்தில் இந்த இனம் அழிந்துபோனதாக ஆட்டத்துக்குள் வரும் உயிரினக் கையேட்டிலேயே இருக்கிறது. அதற்கு மூன்று ஆண்டு முன்புதான் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. ஆட்டத்தில் அந்த வெளுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. பேய் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லும் வேலை வீட்டிலிருப்பவர்களுடையது.