இறால் மடியில் சிக்கிய வழக்கு

அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவின் பவளப்பாறைகளை ஒட்டிய கடலில் கொஞ்சம் பொறுமையாகக் காத்திருந்தால் பேராமை ஒன்று தலையை நீட்டி மூச்செடுப்பதைப் பார்க்கலாம். ஒரே மூச்சு, உடனே உள்ளே போய்விடும். கடலிலேயே வாழ்ந்தாலும் அதற்கு மீனைப் போல் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். அந்த மூச்சை நம்பித்தான் ஆமைகள் இன்றும் அங்கே வாழ்கின்றன. உலக வர்த்தக அமைப்பின் பெரும் வழக்கு ஒன்றும் இந்த மூச்சைப் பற்றியதுதான்.

இறால் பிடிக்கும் விசைப்படகு மடி எனும் பைவலையைக் கடலடியில் மணிக்கணக்காக இழுத்துச் செல்கிறது. அதில் அகப்பட்ட ஆமை மேலே வர வழியின்றி மூச்சு முட்டிச் சாகிறது. இதைத் தடுக்கும் கருவி மிக எளிமையானது. மடியின் கழுத்தில் நீள்வட்டமான கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்துகிறார்கள். கம்பிகளுக்கிடையே சுமார் நாலு அங்குல இடைவெளி இருக்கும். இறால் அதில் நுழைந்து மடியின் கோடிக்குப் போய்விடும். ஆமையோ கம்பியில் மோதி, பக்கத்திலுள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும்.

இந்தக் கம்பிச் சட்டம் பொருத்தாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 1989-இல் சட்டம் இயற்றியது. 1996-இல் அது எல்லா நாடுகளுக்கும் விரிந்தது. இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டன. நம் கோபத்தில் நியாயம் இருந்தது. கரீபியன் பகுதி நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசமும் பயிற்சியும் தந்தவர்கள், ஆசிய நாடுகளுக்குத் தந்தது நாலே மாதம். எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்றுகூட அழைக்கவில்லை.

1998 அக்டோபர் 12-ஆம் தேதி அந்த அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா பாரபட்சம் காட்டியது தவறு என்றது அது. இந்த வரியை மட்டும் படித்துவிட்டு வெற்றி என்று நாம் எடுத்துக்கொண்டோம். தீர்ப்பின் மற்றப் பாதியைப் படித்திருக்க வேண்டும். காட் (GATT) எனும் உலக வர்த்தக ஒப்பந்தத்தின் 20-ஆவது பிரிவு, தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளங்களைக் காக்க வர்த்தகத் தடைக்கு இடம் தருகிறது. அது கனிமங்களைத்தான் குறிக்கும் என்பது நம் தரப்பு வாதம். உயிரினங்களும் தீர்ந்துபோகக்கூடியவையே, கடலாமையும் அதில் அடங்கும் என்றது அமர்வு. அமெரிக்கா தன் நடைமுறையைத் திருத்திக்கொண்டது. 2001-இல் மலேசியா மறுபடி முறையிட்டபோது தோற்றது. சுற்றுச்சூழலும் வர்த்தகமும் சந்திக்கும் இடத்தில் இதைவிட முக்கியமான தீர்ப்பு இல்லை என்றே நான் கருதுவேன்.

நாம் இழந்தது பிறகுதான் தெரிந்தது. நம் மடிகளில் ஆமைக்கு வழிவிடும் ஏற்பாடு இல்லை என்று 2019-இல் அமெரிக்கா இந்தியக் கடலில் பிடிக்கும் இறாலை வாங்குவதை நிறுத்தியது. பண்ணை இறாலுக்குத் தடை இல்லை. ஆகவே அடி விழுந்தது கடலை நம்பிய படகுக்காரர்மேல்தான். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் மடிக்கேற்ற கம்பிச் சட்டத்தை எப்போதோ உருவாக்கிவிட்டது. அது படகுக்குப் போய்ச் சேரவில்லை. இருபது ஆண்டுகள் வீணாகிவிட்டன என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அவற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அந்தமானில் முட்டையிடும் ஆமை நம் ஆமை, அதை நாமே பார்த்துக்கொள்வோம் என்று சொல்வதும் செல்லாது. லிட்டில் அந்தமானில் தோணியாமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்டபோது, சில ஆஸ்திரேலியாவை நோக்கியும் சில ஆப்பிரிக்கக் கரையை நோக்கியும் போயின. வழியில் எத்தனை நாடுகளின் மடியைத் தாண்ட வேண்டியிருக்கும்! அழுங்காமையின் ஓட்டு வியாபாரத்தை உலகம் ஒன்றுசேர்ந்து தடைசெய்ததால்தான் அந்த இனம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. இறாலுக்கும் அதே ஒற்றுமை வேண்டும். எல்லோருக்கும் ஒரே அவகாசம் தரவேண்டும், பயிற்சிச் செலவையும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

காசிமேட்டிலிருந்து இராமேசுவரம் வரை, இறால் மடி போடும் ஒவ்வொரு விசைப்படகுக்கும் இந்தக் கம்பிச் சட்டத்தை அரசு இலவசமாகத் தரவேண்டும். பொருத்துவதால் குறையும் இறாலுக்கு முதல் சில பருவங்களில் ஈடும் கொடுக்க வேண்டும். இதைப் படிக்கும் மீன்வளத்துறை அதிகாரிகளிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்.