இரயில்வே கட்டணத் தீர்ப்பாயம்

இரயில்வே கட்டணத் தீர்ப்பாயம் என்பது இந்திய இரயில்வேயின் சரக்குக் கட்டணங்கள் மீதான முறையீடுகளை விசாரிக்க அமைக்கப்பட்டிருந்த அமைப்பு ஆகும். இதன் தலைமையிடம் சென்னையாக இருந்தது. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி இது இரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துடன் இணைக்கப்பட்டது.

அதிகாரம்

இரயில்வே சட்டம், 1989இன் 36ஆம் பிரிவு மூன்று வகை முறையீடுகளை அனுமதிக்கிறது:

* ஒருவருக்கு முறையற்ற சலுகை காட்டுதல்
* இரு நிலையங்களுக்கிடையே ஒரு சரக்கிற்கு நியாயமற்ற கட்டணம் பெறுதல்
* நியாயமற்ற பிற கட்டணம் பெறுதல்

வரம்புகள்

37ஆம் பிரிவின்படி பின்வருவன தீர்ப்பாயத்தின் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டவை:

* சரக்குகளை வகைப்படுத்துதல்
* சரக்குப் பெட்டிகளையோ நிலைய வளாகத்தையோ காலக்கெடுவிற்குள் காலி செய்யாமைக்கான கட்டணங்களை நிர்ணயித்தல்
* பயணக் கட்டணம், பயண மூட்டை, பார்சல், இராணுவச் சரக்கு, இரயில்வேயின் சொந்தப் பொருட்கள் ஆகியவற்றிற்கான கட்டணங்களை நிர்ணயித்தல்
* ஒட்டுமொத்தத் தொகையாகக் கட்டணம் நிர்ணயித்தல்

எடுத்துக்காட்டாக, உப்பளங்கள் நிறைந்த அதிராம்பட்டினத்திலிருந்து உப்பு அனுப்பும் வணிகர், அதற்குரிய கட்டணம் நியாயமற்றது என முறையிடலாம். ஆனால் உப்பு எந்த வகையில் சேர்க்கப்பட வேண்டும் என்பதைத் தீர்ப்பாயத்தின் வழியாக மாற்ற இயலாது. கட்டணம் பெரும்பாலும் அவ்வகையைப் பொறுத்தே அமைவதால் இவ்வரம்பு முக்கியமானது.

பணம் திரும்பப் பெறுதல்

44ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் நியாயமான கட்டணத்தை நிர்ணயித்து, மிகுதியாகப் பெற்ற தொகையைத் திருப்பியளிக்க ஆணையிடலாம். எனினும் முறையீடு பதிவான நாளுக்கு முந்தைய எந்த நாளிலிருந்தும் புதிய கட்டணத்தை நடைமுறைப்படுத்த இயலாது. ஆகவே முறையீட்டைத் தாமதிக்கும் வணிகர், அதற்கு முன் செலுத்திய மிகுதித் தொகையை இவ்வழியில் பெற முடியாது.