பாரீசின் ஈயச் சனி

பிரெஞ்சு மொழியில் 'சத்துர்னீஸ்ம்' என்று ஒரு சொல் உண்டு. சத்துர்ன் என்றால் சனிக்கிரகம். நம் ஜோதிடத்தில் சனிக்கு உரிய உலோகம் இரும்பு. ஐரோப்பிய ரசவாதிகள் சனிக்குக் கொடுத்ததோ காரீயத்தை. ஆகவே காரீயம் உடம்பில் ஏறி வருகிற நோய்க்கு அவர்கள் வைத்த பெயர், ஏறத்தாழ 'சனி பிடித்தல்'. பள்ளி நாளில் லரூஸ் அகராதியில் இந்தச் சொல்லைப் பார்த்து நாங்கள் சிரித்ததுண்டு. அதன் கதை தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இப்போது எதற்கு இந்தக் கதை என்று கேட்பீர்கள். மாலையில் என்னோடு கடற்கரைச் சாலையில் நடக்க வரும் சிநேகிதர் ஒருவர், உடம்பிலுள்ள நச்சு உலோகங்களை எல்லாம் பத்தே நாளில் எடுத்துவிடுவதாகச் சொன்ன ஒரு விளம்பரத்தைக் காட்டினார். ஓய்வூதியத்தில் பாதியைக் கேட்டிருந்தார்கள். அவருக்கு நடந்துகொண்டே சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

பிரான்சின் புவாத்தூ பகுதியில் பரவிய கொடிய வயிற்றுவலியைப் பற்றி பிரான்சுவா சித்துவா என்ற மருத்துவர் 1616-இல் ஒரு நூல் வெளியிட்டார். குடலை முறுக்கும் வலி, மலச்சிக்கல், பிறகு கை செயலற்றுப் போதல். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் ஜெர்மனியின் உல்ம் நகர மருத்துவர் எபர்ஹார்ட் கோக்கெல், அதே மாதிரி நோயைத் திராட்சை மதுவோடு முடிச்சுப் போட்டார். புளித்த மதுவை இனிப்பாக்க வியாபாரிகள் அதில் மிருதாரசிங்கி சேர்த்தார்கள். நாட்டு மருந்துக்கடை வாசல் மிதித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அது ஈயத்தின் ஆக்சைடுதான்.

மதுவைவிடப் பெரிய கேடு சுவர்ப் பூச்சில் இருந்தது. பாரீசின் வெள்ளைக் கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் பூசியது 'செரூஸ்' என்ற ஈயவெள்ளை. ஈயத் தகடுகளைச் சுருட்டி, அடியில் காடி ஊற்றிய மண்பானைகளில் வைத்து, குதிரைச் சாணத்தில் வாரக்கணக்கில் புதைத்து வைப்பார்கள். சாணத்தின் சூட்டிலும் ஆவியிலும் தகடு வெள்ளையாகப் பூத்துப்போகும். அதைச் சுரண்டி, அரைத்து, சலித்து, எண்ணெயில் குழைத்தால் வர்ணம். சுரண்டியவர், சலித்தவர், பூசியவர், பழைய பூச்சைத் தேய்த்து எடுத்தவர், எல்லோருடைய மூச்சிலும் அந்தப் பொடி போயிற்று.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பாரீசின் ஷாரித்தே மருத்துவமனை. அங்கே 'ஷாரித்தே வைத்தியம்' என்றே ஒன்று பெயர் பெற்றிருந்தது. வாந்திக்கு ஒரு மருந்து, பேதிக்கு ஒரு மருந்து, வலிக்கு அபின். வலி அடங்கும்; ஆள் எழுந்து நடப்பான்; மறுபடி அதே பட்டறைக்குப் போவான்; மறுபடி வருவான். தாங்கெரல் தெ பிளான்ஷ் என்ற மருத்துவர் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்து 1839-இல் இரண்டு பாகங்களில் ஒரு பெரிய நூல் எழுதினார். வயிற்றுவலி, மூட்டுவலி, மணிக்கட்டு தொங்கிப்போதல், மூளை பாதித்து வலிப்பு வருதல் என்று அவர் வகுத்துவைத்ததில் இன்றைக்கும் மாற்ற அதிகமில்லை.

ஈயத்தை வெளியேற்ற அக்காலத்தவர் பெரிதும் நம்பியது கந்தகத்தை. கந்தகத்தோடு சேர்ந்தால் ஈயம் கரையாத கறுப்புப் பொருளாகிவிடும். அதனால் நோயாளியைக் கந்தக நீரில் குளிப்பாட்டினார்கள். தோல் கறுத்துவிடும். தோலில் ஒட்டியிருந்த ஈயப்பொடிதான் கறுத்தது. உள்ளே இருந்தது உள்ளேயே இருந்தது. என் சிநேகிதர் காட்டிய விளம்பரத்திலும் கால் வைத்த தொட்டித் தண்ணீர் பழுப்பாகும் படம் இருந்தது. மின்சாரம் பாயும் இரும்புத் தகட்டின் துருதான் அந்தப் பழுப்பு. கால் வைக்காவிட்டாலும் தண்ணீர் அப்படித்தான் ஆகும்.

தொழிலாளிகளுக்குப் பால் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. நான் பணியில் சேர்ந்த புதிதில் அரசிதழ் மெய்ப்புப் பார்க்க அச்சகத்துக்குப் போவேன். அங்கே ஈய எழுத்துக் கோப்பவர்கள் வெல்லமும் வாழைப்பழமும் தின்பார்கள், ஈயத்துக்கு மாற்று என்று. உடம்பில் சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் நிறைந்திருந்தால் குடல் ஈயத்தைக் குறைவாகவே உறிஞ்சும். அந்த அளவில் சரி. ஏறிவிட்டதை இறக்க அவற்றால் ஆகாது.

மாற்று வழியோ கண்ணெதிரே இருந்தது. துத்தநாக வெள்ளையைப் பூசலாம் என்று கித்தோன் தெ மொர்வோ என்ற வேதியியல் அறிஞர் 1780-களிலேயே சொன்னார். பாரீசில் வர்ணம் பூசும் குத்தகைக்காரர் லெக்லேர், தன் ஆட்கள் படும் பாட்டைப் பார்த்து 1840-களில் அதைச் செய்தும் காட்டினார். அரசுக் கட்டடங்களுக்குத் துத்தநாக வெள்ளையே பூச வேண்டும் என்று 1849-இல் ஆணை பிறந்தது. பிறகு? சுற்றறிக்கைகளின் தலைவிதியைக் கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளர் சங்கங்களும், தாமே மருத்துவரான கிளமென்சோவும் போராடி, 1909 ஜூலை 20-இல்தான் சட்டம் வந்தது. அதிலும் ஐந்தாண்டு அவகாசம், 1915-இல் அமல். 1919-இல் தொழில்வழி நோய்களின் பட்டியலைப் போட்டபோது முதல் எண் ஈயத்துக்கு, இரண்டாம் எண் பாதரசத்துக்கு.

உண்மையான மருந்து போரில் பிறந்தது. லூயிசைட் என்பது ஆர்செனிக் கலந்த நச்சுப்பொருள். அதற்கு முறிவு தேடி, இரண்டாம் உலகப் போரின்போது ஆக்ஸ்போர்டில் ருடால்ஃப் பீட்டர்சின் குழு ஒரு மருந்து கண்டது. ஆர்செனிக் நம் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொள்கிறது. அதைவிட இறுகப் பற்றும் கந்தகத்தை மருந்தாகக் கொடுத்தால் அங்கிருந்து விலகி வந்துவிடும். பழைய கந்தகம்தான், இந்த முறை கணக்கோடு. அதைக் கரைத்துத் தசையில் ஊசி போட்டது கடலை எண்ணெயில். மார்செய்க்குக் கப்பல் கப்பலாக மல்லாட்டை அனுப்பிய ஊர்க்காரர்கள் நாம், அதனால் சொன்னேன்.

அடுத்து வந்தது ஈ.டி.டி.ஏ. ஜெர்மனியில் 1930-களில் சாயத் தொழிலுக்காக, தண்ணீரின் சுண்ணாம்பைக் கட்டிப்போடச் செய்தது. நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல் உலோகத்தைக் கவ்வுவதால் இந்த முறைக்குக் கிரேக்க மொழியில் கொடுக்கின் பெயரையே வைத்தார்கள். 1950-களின் தொடக்கத்திலிருந்து ஈய நோய்க்குக் கொடுக்கிறார்கள். கவ்விய ஈயம் சிறுநீரில் போகும். ஆனால் கால்சியம் சேர்ந்த வகையைத்தான் கொடுக்க வேண்டும். மாற்றிச் சோடியம் வகையைக் கொடுத்தால் ரத்தத்தின் கால்சியத்தையே பறித்துவிடும். அப்படி அமெரிக்காவில் 2003-க்கும் 2005-க்கும் இடையே குழந்தைகளும் இறந்திருக்கிறார்கள்.

சரியான மருந்தாலும் முழுக்க எடுக்க முடியாது. பெரியவர்கள் உடம்பிலுள்ள ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில் இருக்கிறது, சுண்ணாம்பு மாதிரி வேஷம் போட்டு, பல பத்தாண்டுகளுக்கு. மருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்தால் எலும்பிலிருந்து மறுபடி கசியும். நம் வயதில் எலும்பு தேயும்போது இளமையில் ஏறியது தானாகவும் இறங்கி வரும். எனவே ரத்தப் பரிசோதனையில் அளவு மிகுந்திருந்தால் மருத்துவர் தருவதற்கே இந்த மருந்து. பரிசோதனையே இல்லாமல் பத்து நாளில் எடுப்பவர் எதை எடுக்கிறார் என்று கேட்டேன். சிநேகிதர் பதில் சொல்லவில்லை. பணம் கட்டவில்லை என்று பிறகு தெரிந்தது.

பாரீசின் சுவர்கள் மட்டும் கணக்கை முடிக்கவில்லை. 1980-களில் பழைய கட்டடங்களில் குடியிருந்த ஏழைக் குழந்தைகள், உரிந்த வர்ணச் சில்லுகளை வாயில் போட்டு நோயுற்றார்கள். தடை வந்து எழுபது ஆண்டு கழித்து! 2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர்தாம் பேராலயம் எரிந்தபோது கூரையிலிருந்த நானூறு டன்னுக்கும் மேற்பட்ட ஈயம் தீயில் சிக்கியது. சுற்றுவட்டாரப் பள்ளிகளில் தூசியைக் கழுவினார்கள். குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறந்தது. புதிய கூரைக்குப் போட்டிருப்பதும் ஈயத் தகடுதான்.